ஏழு நாற்காலிகள்

அயோவாவின் சோளக்காடுகளுக்கு நடுவே எழுநூறு பிள்ளைகள் படிக்கிற அந்தக் கல்லூரியில் ஜெர்மன் என்றால் லார்னா ட்வெட் ஒருத்திதான். அவளுக்கு மாணவனும் ஒருவன்தான், ஓவன். மே மாதம் அவனும் பட்டம் வாங்கிப் போய்விடுவான். அடுத்த ஆண்டுக்கு ஒரு ஆளாவது சேராவிட்டால் துறையையே மூடிவிடுவதென்று முடிவாகியிருந்தது. இருபத்தாறு வருஷத்தை அந்த ஒரே வகுப்பறையில் கழித்தவள்; வேறு போக்கிடம் கிடையாது, வீட்டில் பேச்சுத்துணைக்கும் ஆளில்லை.

கல்லூரியைச் சுற்றிப் பார்க்க வெளியூர்க் குடும்பங்கள் வரும் நாளன்று, சேர்க்கை அலுவலகத்துப் பிரெண்டா மூச்சிரைக்க வந்தாள்.

"லார்னா, உன் கிளாஸைப் பாக்கணும்னே நெப்ராஸ்காலேர்ந்து ஒரு பொண்ணு அப்பாவோட வந்திருக்கா. ஏழு நாற்காலி காலியா கெடந்தா யார் சேருவா? நம்ம பசங்க ஏழு பேரை அனுப்பறேன்."

"அவங்களுக்கு ஜெர்மன்ல ஒரு வார்த்தை தெரியாதே!"

"தலையாட்டத் தெரியுமில்ல? அது போதும்."

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வேண்டாமென்று சொல்லும் நிலைமையிலா இருந்தாள்?

அறை நிரம்பியதும் லார்னா தன்னை மறந்து பாடம் நடத்தினாள். வந்தவர்களைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்து விளக்கிக்கொண்டு வந்த வழிகாட்டி கதவைத் திறந்துவிட, அந்த நெப்ராஸ்காப் பெண் அப்பாவோடு வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனாள். உடனே ஏழு பேரும் எழுந்தார்கள்.

"முடிஞ்சுதா புரொபசர்? கேன்டீன்ல இன்னிக்கு பீட்சா!"

அவர்களைப் பிடிக்க லார்னா மாடிப்படிக்கு ஓடினாள். பெண்ணின் அப்பாதான் முதலில் பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க காலேஜ் பத்தின தாள்ல, ஜெர்மன்ல ஒரே ஒரு மாணவர்னு போட்டிருந்துச்சு. அதுக்காகவே வந்தோம். இவளுக்குப் பேச்சு திக்கும். கூட்டத்துல வாயே தெறக்க மாட்டா."

"ஐயோ, அந்த ஏழு பேரும் நாங்க சும்மா உக்கார வெச்சவங்க! அந்தத் தாள்ல இருக்கறதுதான் நெஜம்."

அவர் முகம் மாறியது. "மொத நாளே ஏமாத்துறீங்க. இங்க எப்படி இவளை விட்டுட்டுப் போறது?"

அந்தப் பெண் லார்னாவைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள். முதல் எழுத்திலேயே நாக்கு சிக்கிக்கொண்டது. லார்னா அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள். சாயங்காலம் வரை நிற்கக்கூடத் தயாராக இருந்தாள். அப்பா மகளின் தோளைத் தொட்டார்.

"வாம்மா, கார்ல போயி சொல்லிக்கலாம்."