இரண்டாம் வகைக் குற்றம்

போக்குவரத்துப் போலீஸ்காரனான எனக்குச் சட்டம் குற்றங்களை இரண்டு வகையாகப் பிரித்துக் கொடுத்திருந்தது. முதல் வகையைக் கண்ணால் பார்த்தாலே வண்டியை நிறுத்தலாம். இரண்டாம் வகைக்கு மட்டும் நிறுத்தக் கூடாது. வேறு தப்புக்காக நிறுத்தியிருந்தால் இதற்கும் சேர்த்து அபராதம் எழுதலாம். போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓட்டுவது, எந்தப் புண்ணியவான் முடிவு செய்தானோ, இரண்டாம் வகை.

அதனால் போன் பேசிக்கொண்டு போகிறவனைப் பார்த்தால் நாங்கள் உடனே அவன் பின்விளக்கைப் பார்ப்போம். பிரேக் மிதிக்கும்போது அது எரியவில்லையென்றால் ஆள் மாட்டினான். எரிந்தால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

என் தங்கையின் கணவர் ரொட்டி கம்பெனி வேன் ஓட்டினார். தினமும் காலையில் என் சிக்னல் வழியாகத்தான் போவார். ஓயாமல் பேசுகிற மனுஷன். அவருக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்ததே நான்தான். ஓட்டும்போதும் ரேடியோ நிற்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனபோது, வேனின் இடது பின்விளக்கு எரியவில்லை என்பதைக் கவனித்தேன்.

"மாப்பிள, இப்படியே போனா எங்காளுங்க நிறுத்திருவாங்க. போனுக்கும் சேத்து எழுதிருவாங்க."

"அப்ப நீங்களே சரி பண்ணிக் குடுங்க மச்சான். போலீஸ் சொந்தம்னா சும்மாவா?"

கண்ணாடியைக் கழற்றி, துருவைச் சுரண்டி, புது பல்பு மாட்டினேன். பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். பளிச்சென்று எரிந்தது. "இனி ஒருத்தனும் உங்களத் தொட முடியாது" என்று பெரிய இவன் மாதிரி சொன்னேன். தங்கை வாசலில் நின்று சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை என் சிக்னலில் வந்து நின்றார். காதில் போன். பின்விளக்கு இரண்டும் ஜோராக எரிந்தன. என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனார். அடுத்த வளைவில் நின்றிருந்த லாரியின் பின்னால் வேன் மோதியது. நான் ஓடிப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்துத் தங்கை கேட்டாள். கம்பெனிக்குத் திருப்பிக் கொடுக்க அவருடைய யூனிபார்ம் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, அன்னிக்கு நீ அவரப் பாத்தியா?"

இல்லை என்று சொல்லிவிடத்தான் நினைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"பாத்தேம்மா. போன்லதான் பேசிட்டிருந்தாரு. ஆனா அதுக்கு மட்டும் நிறுத்த சட்டத்துல இடமில்லம்மா. வேற தப்பு இருந்திருந்தா..." அந்த வேறு தப்பைச் சரிசெய்ததே நான்தானே!

அவள் அழவில்லை. கடைசிச் சட்டையை மடித்து முடித்தாள்.

"சட்டத்துக்கு அவர் யாரோண்ணா. உனக்குமா? நீ சும்மா கையத் தூக்கியிருந்தா, மச்சான் கூப்பிடுறாருன்னு ஓரங்கட்டியிருப்பாரே."

போன மாதம் சட்டத்தை மாற்றினார்கள். போன் இப்போது முதல் வகை. பார்த்ததும் நிறுத்துகிறேன், யாராயிருந்தாலும். தங்கையிடம் ஒன்றை மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை. அன்றும் கையைத் தூக்கினேன். டாட்டா காட்டுவதற்கு.