காலி வண்டியில் இடமில்லை

முபீனா அன்று சாயங்காலம் உத்தமபாளையம் பைபாஸ் பிரியும் இடத்தில், புதுச் சேலையும் கையில் தூக்குவாளியுமாக நின்றாள். தூக்குவாளியில் நெய்ச்சோறும் தாளிச்சாவும். கம்பத்துப் பங்கில் பெட்ரோலை இறக்கிவிட்டு, அவள் புருஷன் ஜெய்லானி இந்த வழியாகத்தான் டேங்கர் லாரியோடு மதுரைக்குத் திரும்புவான். நாளை முதல் அவனுக்குத் தூத்துக்குடி லயன். இனி இந்த ரோட்டுப் பக்கமே வரமாட்டான். தேனி வரைக்குமாவது அவன் பக்கத்தில் உட்கார்ந்து போய்விட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான், மாடமாளிகை ஒன்றும் கேட்கவில்லை.

கல்யாணமான புதிதில் அவன் வாழைத்தார் லாரி ஓட்டினான். சரக்கை இறக்கிவிட்டுக் காலியாக வரும்போது பெண்டாட்டியை ஏற்றிக்கொள்வது லாரிக்காரர் வீடுகளில் வழக்கம். வீட்டில் மாமியார், நாத்தனார் என்று எந்நேரமும் கூட்டம். அவர்கள் இரண்டு பேரும் மனம்விட்டுப் பேசியதெல்லாம் அந்த லாரிக்குள்தான். பெட்ரோல் வண்டிக்கு அவன் மாறியதோடு அந்தப் பேச்சும் போயிற்று. அந்த ஏக்கம் அவளை இன்னும் விடவில்லை.

டேங்கர் வந்தது. ஜெய்லானி ஓரங்கட்டினான். அவள் படியில் கால் வைத்ததுதான் தாமதம், "ஏய், இறங்கு புள்ள!" என்று பதறினான்.

"காலி வண்டிதான மச்சான்?"

"காலிதான் மோசம். உள்ள பெட்ரோல் ஆவி நிக்கும். ஒரு பொறி பட்டாப் போதும். டிரைவரு, கிளீனரத் தவிர ஈ காக்கா ஏறக் கூடாது. டேங்கர் டிரைவர் வகுப்புல படிச்சுப் படிச்சுச் சொன்னாக."

"நீங்க மட்டும் போகலாமாக்கும்?"

தூக்குவாளியை வாங்கும் சாக்கில் அவன் அவள் விரல்களைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தான். பிறகு வண்டியைக் கிளப்பிவிட்டான்.

புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப யாருக்கு மனசு வரும்? பின்னாலேயே வந்த தேனி பஸ்ஸில் ஏறி, இடதுபக்கம் முதல் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். சின்னமனூருக்கு முன்னாலேயே டேங்கர் கண்ணில் பட்டது. பஸ் டிரைவர் ஹாரனை அலறவிட்டார்.

"அண்ணே, முந்தாதீக. அது பின்னாலயே போங்க."

"அது மாட்டுவண்டி கணக்காப் போகுது ஆத்தா. நான் எப்பத் தேனி போய்ச் சேர்றது?"

பஸ்ஸே சிரித்தது. டேங்கர் ஜன்னலிலிருந்து ஜெய்லானியின் வலது கை வெளியே நீண்டு, முந்திப் போகச் சொல்லி அசைந்தது. பஸ் ஏறிப் போனது. அவள் ஜன்னலும் அவன் ஜன்னலும் ஒட்டி வந்தன. எட்டினால் தொட்டுவிடலாம். எத்தனை நாளைக்குப் பிறகு இப்படிப் பக்கத்தில்!

"மச்சான்!" என்று கத்தினாள்.

அவன் வண்டியை இடதுபக்கம் ஒதுக்கி, வேகத்தைக் குறைத்து, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பவே இல்லை. அடுத்த நொடி பஸ் அவனைத் தாண்டிவிட்டது.

திரும்பாததுதான் சரி. அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் அந்த மனுசன் ஒரே ஒரு தடவை தப்புப் பண்ணியிருக்கக் கூடாதா என்று, முக்காட்டை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு அழுதாள்.