உதறல்

என் வீட்டுக்காரர் இருமினால் குற்றவாளி நான்தான். அடுப்பில் ஒரு மிளகாய் வெடித்தால் போதும், தாளித்தே ஆளைக் கொல்லப் பார்க்கிறாள் என்று கூடத்திலிருந்து குரல் வந்துவிடும்.

கூரைக்குப் போடுகிற ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதே, அதற்கான கல்நார் தோண்டும் சுரங்கத்தில் அரை ஆயுசைக் கழித்த மனுஷர் இவர். அந்தத் தூசி ஒன்றும் செய்யவில்லையாம், என் கடுகுதான் நெஞ்சை அடைக்கிறதாம். வேலையை விட்டே பத்து வருஷம் ஆச்சே, தூசி என்றால் அப்போதே இருமியிருக்க மாட்டேனா என்று வக்கீல் மாதிரி மடக்குவார்.  எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும்.

கடைசியில் ஒரு நாள் நெஞ்சு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். இருமல் தீருகிறதோ இல்லையோ, இந்த வழக்கு தீர்ந்தாக வேண்டும். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டி டாக்டரம்மா விளக்கினார். கல்நார்த் தூசி ஊசி ஊசியாக நுரையீரலில் குத்தி நிற்குமாம். கரையாதாம். அதைச் சுற்றித் தழும்பேறி நுரையீரல் இறுகுமாம். இருமல் தலைகாட்டவே பல வருஷம் ஆகுமாம்.

"அப்ப என் தாளிப்பு?" என்றேன்.

"தாளிப்புல இது வராதும்மா."

ஜெயித்துவிட்டேன். வீட்டுக்காரர் மூஞ்சியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நீங்களும் சுரங்கத்திலா வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார்.

"நானா? அந்தப் பக்கமே போனதில்ல. இவர் சட்டையத் துவைச்சதோட சரி."

எப்படித் துவைப்பீர்கள் என்றார். பெருமையாகச் சொன்னேன். அப்படியே ஊறப்போடுகிற சோம்பேறி நானில்லை. வாசலில் நின்று பளீர் பளீரென்று நாலு உதறு உதறி, பஞ்சு பஞ்சாக ஒட்டியிருக்கும் தூசியெல்லாம் பறந்த பிறகுதான் வாளியில் போடுவேன். தெருவில் எனக்கு உதறல்காரி என்றே பேர்.

எனக்கும் ஒரு படம் எடுத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியபோது, எது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. தழும்பை மாற்ற முடியாது, மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. கை காலெல்லாம் எனக்கு உதறல் எடுத்தது. 

மறுநாள் வேண்டுமென்றே மிளகாயை அள்ளிப் போட்டுத் தாளித்தேன். கூடத்தில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால், மனுஷர் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, முகம் சிவக்க இருமலை விழுங்கிக்கொண்டிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது.

"வாயத் தொறந்து திட்டுங்க," என்றேன்.

துண்டை எடுத்தார். கண்ணில் தண்ணீர். "இனிமே எந்த வாயால உன்னத் திட்டுவேன்?"

"இத்தன வருஷம் திட்டின அதே வாயாலதான்."

 அவர் மூக்கை உறிஞ்சினார்.

"கடுகு கருகுதுடி. அதக்கூடப் பாக்கத் தெரியல."

அப்பாடா என்றிருந்தது எனக்கு.