கவிழ்த்துப் போட்ட பலகை

1

இந்தக் கதை ஒரு பலகையில் தொடங்கியது. நல்ல பைன் மரம். எழுத்துகளைக் குடைந்து உள்ளே வெள்ளைச் சாயம் பூசியிருந்தது. பிக்கப் வண்டியின் பின்தட்டில், கடப்பாரைக்கும் மண்வெட்டிக்கும் நடுவே, முகம் குப்புறக் கிடந்தது. அப்படிக் கவிழ்த்துப் போட்டவள் டெல்ஃபீன். என் பெரியம்மா மகள். எங்களிடம் ‘ஒன்றுவிட்ட’ என்ற பேச்சே கிடையாது, அக்கா என்றால் அக்காதான். அமெரிக்காவில், யூட்டாவின் சிவந்த பள்ளத்தாக்குப் பூங்கா ஒன்றில் நடைபாதை போடும் வேலை அவளுக்கு. அதே பூங்காவில், உள்காட்டு வழிகளுக்குப் பர்மிட் கொடுக்கும் கவுண்டர் எனக்கு. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. அதற்குக் கிடைத்த கூலி நிழல்.

பலகையில் இருப்பது டெல்ஃபீனின் தம்பி பெயர். அதை நான் எழுதப்போவதில்லை.*

* நாங்கள் நவஹோ பழங்குடி. எங்கள் வீட்டில் செத்தவர் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் கூப்பிட்டதாகிவிடும். கூப்பிட்டால், போகிறவர் திரும்பிப் பார்ப்பார். இதற்குமேல் விளக்கம் கேட்காதீர்கள். விளக்கம் இல்லாத காரியங்கள் உங்கள் வீட்டிலும் உண்டு.

கல்லூரியில் கதை எழுதக் கற்றுக்கொடுத்தவர், பெயரில்லாதவனுக்காக எந்த வாசகரும் அழமாட்டார் என்றார். சரி, ஒரு பொய்ப் பெயர் வைத்துப் பார்ப்போம். வெண்டல். வெண்டல் அன்று காலை காபி குடித்துவிட்டு அக்காவின் தொப்பியைத் திருடிக்கொண்டு

[நிறுத்திவிட்டேன். வேறொருவன் பெயரைப் போட்டால் வெள்ளத்தில் வேறொருவன் போகிறான்.]

தம்பி என்றே சொல்கிறேன். அழுவதும் அழாததும் உங்கள் பாடு.

2

தொடக்கம் ஒன்று: ‘செம்பாறைகளின் மேல் அந்திச் சூரியன்’

வேண்டாம். சூரியனுக்காக வருகிறவர்களைத்தான் தினமும் கவுண்டரில் பார்க்கிறேனே.

தொடக்கம் இரண்டு: பூங்கா வருவதற்கு முன்னால், இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒடுங்கிய அந்த இடுக்கில் எங்கள் ஆடுகள் இறங்கின. கால் வைப்பதற்காகப் பாறையில் கொத்திய குழிகள் இன்னும் இருக்கின்றன. பூங்காவின் வரைபடத்தில் அந்த இடம் வெற்றுத் தாள். ஒரு லீவு நாளில் தம்பி அந்த வழியாக இறங்கினான். “ஆடு இறங்குச்சுன்னா நான் இறங்க மாட்டேனா?” என்று, பாதைக் குழுவில் தன்னோடு வேலை செய்த எமர்சனிடம் முதல் நாள் சவால் விட்டிருக்கிறான். இங்கே வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. கண்ணுக்கெட்டாத மேட்டில் எங்கோ மழை கொட்டியது. இடுக்கு வழியாக வெள்ளம் சேறும் அடிமரமுமாக வந்தது, போனது. அவன் தண்ணீர்க் குடுவை கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

தேடலை நடத்தியவர் லாவெல். பாதைக் குழுவின் மேஸ்திரி, மார்மன் சபை வீட்டு வெள்ளைக்காரர், அந்தச் சபை வழக்கப்படி காபியைத் தொடமாட்டார், நல்லவர். (‘நல்லவர்’ என்பதை அழித்து அழித்து எழுதியிருக்கிறேன். கோபமாக இருக்கும்போது நல்லவர்கள் பெரிய இடைஞ்சல்.)

தேடலுக்கு ஒரு விதி உண்டு. விளிம்பில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். உடனே எல்லாரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பூட்ஸ் மணலில் நெரியக் கூடாது, தண்ணீர்க் குடுவையைத் திறக்கக் கூடாது. எதிர்ப்பாறை பெயரைத் திருப்பிச் சொல்லும். அது ஓயும்வரைக்கும், ஓய்ந்த பிறகும், காது கொடுத்து அப்படியே நிற்க வேண்டும். கீழே கால் உடைந்து கிடப்பவனின் குரல் அந்த அமைதிக்குள்தான் வரும்.

“உன் குரல்னா அவனுக்குத் தெரியும். நீயே கூப்பிடும்மா” என்றார் லாவெல்.

டெல்ஃபீன் கூப்பிட்டாள். பாறை கூப்பிட்டது. எல்லாரும் நின்றார்கள்.

3

எமர்சன் எங்கள் மாமன் மகன். முறைக்காரன் என்பதால் கேலி பேச அவனுக்கு முழு உரிமை. ரேடியோவில் தம்பியைப் பெயர் சொல்லி அழைத்து, “உங்கக்கா போட்ட படியில ஆடுகூட ஏறாதுன்னு ஊரெல்லாம் பேச்சு. உண்மையாப்பா?” என்பான். குழு முழுக்கக் கேட்டுச் சிரிக்கும்.

தேடல் நாட்களில் ஒரு மதியம், டெல்ஃபீனும் எமர்சனும் வண்டியின் பின்தட்டில் உட்கார்ந்து, ரொட்டியில் சுருட்டிய ஆட்டுக்கறியைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

“உன் தம்பி அந்தக் குறுகல தாண்டியிருக்க மாட்டான்னு தோணுது” என்றான் எமர்சன்.

டெல்ஃபீன் மெல்வதை நிறுத்தினாள். “யாரு?”

“உன் தம்பி.”

“ஏன், அவனுக்குப் பேரு இல்லியா?”

எமர்சன் தன் பூட்ஸைப் பார்த்தான்.

“நேத்து வரைக்கும் ரேடியோல பாட்டாப் பாடுவியேடா. இப்ப சொல்லு.”

“டெல்ஃபீன்...”

“என் பேரு எனக்குத் தெரியும். அவன் பேரச் சொல்லு.”

“அத்தை காலைல போன் பண்ணாங்க. இனிமே யாரும் சொல்ல வேணாம்னுட்டாங்க.”

அத்தை என்றால் டெல்ஃபீனின் அம்மா. ஹெலிகாப்டர் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. லாவெல் இன்னும் நம்பிக்கொண்டிருந்தார். பெற்றவள் முடித்துவிட்டாள். காலையிலிருந்து குழுவில் இருக்கும் எங்கள் பையன்கள் ஒருவர்கூட அந்தப் பெயரை வாயில் எடுக்கவில்லை என்பது அப்போதுதான் டெல்ஃபீனுக்கு உறைத்தது. சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறி அம்மாவை அழைத்தாள்.

“அவன் இன்னும் கெடைக்கலம்மா. அதுக்குள்ள ஏன் இப்படி?”

“என் வயித்துக்குத் தெரியும்டி. நீ கத்துறது அவனச் சட்டையப் புடிச்சு இழுக்குற மாதிரி. போறவன விடு.”

“உசுரோட இருந்தா? யாருமே கூப்பிடலியேன்னு கெடந்தா?”

போனில் ஆட்டு மணிச் சத்தம் மட்டும் கேட்டது.

[இந்த இடத்தில் பெரியம்மா அழுததாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அவள் அழுததை நான் பார்க்கவில்லை. எங்கள் ஆட்களின் கண்ணீரைப் பார்க்காமலே எழுதுவதற்கு ஊரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.]

அவன் உயிரோடு இருந்தால், கூப்பிடாமல் இருப்பது கொலை. செத்திருந்தால், கூப்பிடுவது அவனைப் போகவிடாமல் கட்டிப்போடுவது. டெல்ஃபீன் விளிம்புக்குத் திரும்பிப் போனாள். கூப்பிட்டாள். லாவெல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, “போதும்மா, நிறுத்திக்கலாம்” என்று சொன்ன நாள்வரை கூப்பிட்டாள்.

4

பிறகு மலையேறிகள் அந்த இடுக்கைக் கண்டுபிடித்தார்கள். ‘கண்டுபிடித்தார்கள்’ என்பது அவர்கள் சொல். எங்கள் ஆடுகளுக்கு அது வீட்டு வழி. இணையத்தில் படம் போட்டார்கள். வரைபடத்தில் பெயரில்லாத இடம் என்பதால், இறந்தவனைக் கௌரவிக்க அவன் பெயரையே வைத்தார்கள்.

“———* இடுக்குக்கு ரெண்டு பேருக்குப் பர்மிட் குடுங்க.”

“அப்படி ஒரு இடம் இல்லையே.”

“இருக்குங்க, பாருங்க, போன்ல. அந்தப் பையன் செத்துப் போனானே...”

“ஒத்த ஜூனிபர் மரத்துக்குக் கீழ இருக்குற இடுக்குன்னு சொல்லுங்க. தர்றேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“ஒண்ணில்ல.”

* இந்தக் கோட்டின் இடத்தில் அவர்கள் உரக்கச் சொல்கிறார்கள். தினமும், சன்ஸ்கிரீன் வாசனையோடு, சிரித்துக்கொண்டே, என் முகத்துக்கு நேராக என் தம்பியைக் கூப்பிடுகிறார்கள். பட்டம் வாங்கிய நான் குப்பையைத் திருப்பிக் கொண்டுவரும்படி சொல்லி அனுப்புகிறேன்.

அப்புறம்தான் பலகை வந்தது. லாவெல் தன் வீட்டுப் பட்டறையில், லீவு நாட்களில், தானே குடைந்தது.

“உன் கையால நட்டா நல்லாருக்கும்னு நெனச்சேன்மா. யாரும் அவன மறந்துறக் கூடாதில்ல?” அவர் கண் கலங்கியிருந்தது.

அவர்கள் ஊரில் அன்பு என்றால் பெயரை மரத்தில் வெட்டுவது. டெல்ஃபீன், “சரிங்க” என்றாள். வண்டியில் கவிழ்த்துப் போட்டாள்.

5

முடிவு, ஒரு வகை: டெல்ஃபீன் பலகையை நடுகிறாள். மேஸ்திரி கைதட்டுகிறார். அவள் அன்று முதல் அந்தப் பாதைப் பக்கமே

முடிவு, இன்னொரு வகை: அம்மா வீட்டு அடுப்பில் பலகை எரிகிறது. பெயர் புகையாகி மேட்டின்மேல் [இது அழகாக வருகிறது. அழகாக வருவதாலேயே நம்ப மறுக்கிறேன்.]

அவளிடமே கேட்டேன்.

“அக்கா, அந்தப் பலகைய என்னதான் பண்ணுன?”

“நீ என்ன எழுதியிருக்க?”

“இன்னும் முடிக்கல.”

“அப்ப நானும் முடிக்கல.” பைக்குள் கையுறையைத் திணித்தாள். “நட்டா, செத்துட்டான்னு அவங்க வழியில சொல்றேன். எரிச்சா, செத்துட்டான்னு நம்ம வழியில சொல்றேன். ரெண்டையும் சொல்லாம இருக்க ஒரு வழி இருந்தா எழுது. பெரிய படிப்புப் படிச்சவதானே?”

இல்லை அக்கா. அந்தப் படிப்பில் அது இல்லை.

6

இனி நான் எழுதுவது எமர்சன் சொன்னது. சொன்னவரைக்கும்.

ஒற்றை ஜூனிபர் வரைக்கும் இருவரும் வண்டியில் போனார்கள். வழியெல்லாம் எமர்சன் கேலி பேசிப் பார்த்தான்: “நீ ஓட்டுற ஓட்டுக்கு நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பலகை வேணும்.” அவள் சிரிக்கவில்லை. குழி தோண்டினாள். ஆழமான, ஒழுங்கான குழி. பலகையைத் தூக்கிவரப் போகிறாள் என்று நினைத்தான். அவள் மண்வெட்டியைக் குழியோரம் சாத்திவிட்டு, விளிம்புக்கு நடந்தாள்.

“டெல்ஃபீன், போதும். வா, போலாம்.”

“நீ சொல்ல வேணாம்டா. கேக்க மட்டும் செய்.”

அவள் மார்பு விரிய மூச்சை இழுத்தது அவனுக்குப் பின்னாலிருந்து தெரிந்தது. எமர்சன் வண்டியின் எஞ்சினை அணைத்தான். இறங்கினான். ரேடியோவின் குமிழைத் திருகி நிறுத்தினான். கால் வைத்த இடத்திலேயே, மணல் நெரியாமல் நின்றான்.

“அப்புறம்?” என்று கேட்டேன். அவன் என்னைக் கேலிகூடச் செய்யவில்லை.

ஆகவே முடிவு உங்களிடம் வருகிறது. பெயர் உங்களுக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டேன். உங்களால் அவனைக் கூப்பிட முடியாது, கட்டிப்போடவும் முடியாது. ஆனால் தேடலின் விதி உங்களுக்குத் தெரியும். டெல்ஃபீன் வாயைத் திறந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாறை ஒரு தடவை சொல்லிவிட்டு ஓய்கிறது. நானும் இந்த வரியோடு வாயை மூடிக்கொள்கிறேன். தயவுசெய்து பக்கத்தைத் திருப்பிச் சத்தம் எழுப்பாதீர்கள்.

அப்படியே நில்லுங்கள்.