கோவை பிரியாவுக்கு ஒரு கோட்டு

மூன்றாவது 'டிங்' கேட்டபோதுதான் மஹ்ஜபினுக்கு விஷயம் விளங்கியது.

அடுப்படியில் நின்றபடி அவள் தன் போனில் 'கோவை பிரியா' என்ற வாடிக்கையாளருக்கு, "ஆமாங்க, அசல் கார்டுராய், உள்ளே கம்பளி லைனிங்" என்று அனுப்பினாள். கூடத்தில் கணவன் சைஃபுல்லாவின் போன் 'டிங்' என்றது. "ஒரே ஒரு பீஸ்தான் இருக்குங்க" என்று அனுப்பினாள். கூடத்தில் மறுபடி 'டிங்'. சும்மா இருந்து பார்த்தாள். கூடமும் சும்மா இருந்தது. ஒரு பூ எமோஜியைத் தட்டிவிட்டாள்.

டிங்.

கரண்டியை வைத்துவிட்டுக் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். சைஃபுல்லா சோபாவில் சம்மணம் போட்டு, நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு, இரண்டு கட்டைவிரல்களாலும் மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தான். அடுத்த நொடி அவள் கையிலிருந்த போன் அதிர்ந்தது.

"அக்கா, கோட்டு என் வீட்டுக்காரருக்குத்தான். லேசா தொப்பை உண்டு. ஆனா ஆளு பாக்க அம்சமா இருப்பார்."

மஹ்ஜபின் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள். சிரிப்பும் பயமும் ஒரே நேரத்தில் கிளம்பி வந்தன.

சைஃபுல்லாவுக்குக் கொடைக்கானல் பஜாரில் கம்பளிக் கடை. ஸ்வெட்டர், சால்வை, குரங்குக் குல்லா, எல்லாம் புத்தம் புதுசு. அவன் மனைவி மஹ்ஜபினோ அட்டுவம்பட்டி வீட்டில் இருந்தபடியே 'குளிர்காய வாங்க' என்று இன்ஸ்டாகிராமில் ஒரு பேஜ் நடத்தி, பழைய கோட்டும் ஜாக்கெட்டும் விற்கிறவள். இது அவனுக்குத் தெரியாது. பஜாரில் யாருக்குமே தெரியாது.

ஆரம்பித்து வைத்தது அவள் சிநேகிதி சகாயராணி. ஒரு போர்டிங் ஸ்கூல் ஹாஸ்டலில் துணிமணிகளுக்குப் பொறுப்பாளி. வருஷக் கடைசியில் பிள்ளைகள் விட்டுப்போகும் ஜாக்கெட்டுகள், ஊருக்குத் திரும்பும் வெளிநாட்டு டீச்சர்களின் கோட்டுகள் எல்லாம் மலைபோல் சேரும். "எடுத்துட்டுப் போம்மா, இடம் காலியானாப் போதும்" என்று நிர்வாகமே சொல்லிவிடும். விளையாட்டாக ஒரு ஜாக்கெட்டைப் படம் எடுத்துப் போட்டாள் மஹ்ஜபின். அப்போது கையில் வைத்திருந்த டீ ஆறுவதற்குள் அது விற்றுப்போனது. அன்று பிடித்த பைத்தியம்.

சரக்கை ஒளிப்பதும் சுலபமாகத்தான் இருந்தது. கம்பளிக் கடைக்காரன் வீட்டுப் பரணில் இன்னும் நாலு கம்பளி மூட்டை கிடந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? ஒருநாள் சைஃபுல்லாவே ஒரு மூட்டையைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, "இந்த லாட் எப்ப வந்துச்சு?" என்று தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

இப்போது அவன் அடுப்படிக்கே வந்துவிட்டான். முகமெல்லாம் பல்.

"மஹ்ஜபீ, சங்கதி தெரியுமா? அந்தக் குளிர்காய வாங்கக்காரி வலையில விழுந்துட்டா!"

"யாரு மச்சான் அது?" பருப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"பழைய கோட்டு விக்கிறாளே, அவதான். நேத்து வியாபாரிகள் சங்கத்துல இதே பேச்சு. வர்ற டூரிஸ்ட்டெல்லாம் போனைக் காட்டி, இந்த மாதிரி இருக்கா, இந்த விலைக்குத் தருவீங்களான்னு நிக்கிறானுக. தலைவர் சேனாதிபதி அண்ணாச்சி பொங்கிட்டாரு. 'இவளை எவன்யா புடிக்கப்போறது?'ன்னாரு. நான் கையைத் தூக்கிட்டேன்."

"உங்களுக்கு எதுக்கு இந்தச் சோலி?"

"இதுலதான புள்ள த்ரில்லே இருக்கு! பொம்பளைப் பேருல அக்கவுண்டு ஆரம்பிச்சு ஆர்டரும் போட்டாச்சு. ஆனா ஒண்ணு..." குரலைத் தாழ்த்தினான். "ஒத்தப் பைசா குறைக்க மாட்டேங்கறா. கெஞ்சிப் பாத்தேன், கொஞ்சிப் பாத்தேன், கல்லு மாதிரி நிக்கிறா. யாவாரம்னா அது யாவாரம்!"

மஹ்ஜபினுக்குக் காது மடல்வரை சூடேறியது. கல்யாணமான நாள்முதல் அவள் ஆக்கிய பிரியாணியைக்கூட இந்த மனுஷன் இப்படிப் புகழ்ந்ததில்லை.

"அவ பொருளை அனுப்பாமலே விட்டுட்டா?"

"ஏமாத்துக்காரின்னு ஊரு பூரா எழுதிப் போட்டுருவேன். பேஜ் காலி. அனுப்பினா, கொண்டு வர்ற ஆளுக்குப் பின்னாடியே போய் அவளைப் புடிப்பேன். அப்பவும் பேஜ் காலி. எப்பிடி நம்ம ஐடியா?"

"பிரமாதம் மச்சான்," என்றாள். பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

அவன் கடைக்குப் போனதும் சகாயராணிக்குப் போன் பறந்தது. விஷயத்தைக் கேட்டு சகாயராணி முதலில் "மாதாவே!" என்றாள். அப்புறம் ஐந்து நிமிஷம் சிரித்தாள். அப்புறம்தான் யோசித்தாள்.

"பேசாம பேஜை மூடிருவோம்டி. கொஞ்ச நாள் கழிச்சு வேற பேருல தொறப்போம்."

"மூட மாட்டேன்."

"அண்ணனுக்குத் தெரிஞ்சா?"

"தெரியக் கூடாது. இங்க பாரு சகாயம், சைஃபுல்லா பொண்டாட்டி, கம்பளிக் கடைக்காரரு வீட்டம்மான்னுதான் ஊருல என்னைச் சொல்லுவாக. குளிர்காய வாங்கன்னா அது நான். நானே கட்டுனது. அதை என் கையால மூடச் சொல்றியா?"

சகாயராணி இறங்கி வந்தாள். "சரி, அப்போ அனுப்புவோம். நான் கொண்டுபோறேன்."

"நானும் வருவேன்."

"கிறுக்கு முத்திப்போச்சா?"

"என் புருஷன் என்னைப் புடிக்கிறதை நான் பாக்க வேணாமா?"

அவர்கள் வியாபாரம் பெருமாள்மலை முக்கிலுள்ள ஒரு டீக்கடை வழியாகத்தான் நடக்கும். கீழே போகிற ஏதாவது ஒரு வண்டியில் பார்சல் போகும். டீக்கடைப் பெஞ்சில் வைத்தால், பேர் சொல்லிக் கேட்கிறவருக்கு டீக்கடைக்காரர் கொடுத்துவிடுவார். அனுப்புவது யாரென்று அவருக்கே தெரியாது. இந்தத் தடவை மாட்டியது வேல்ராஜின் பிக்கப் வண்டி. பள்ளங்கியில் கேரட் ஏற்றிக்கொண்டு வெள்ளனே கிளம்பி, அட்டுவம்பட்டி வழியாக வத்தலக்குண்டுக்குப் போகிற வண்டி.

மறுநாள் காலை, சைஃபுல்லா கிளம்பிப் போனபிறகு ரோட்டோரம் வந்து நின்ற இரண்டு பெண்களைப் பார்த்து வேல்ராஜ் பிரேக் போட்டான். ஒருத்தி துப்பட்டாவால் கண் மட்டும் தெரிய மூடியிருந்தாள். மற்றவள் குரங்குக் குல்லாவும், அதன்மேல் கூலிங்கிளாஸும்.

"யாருக்கும்மா ஆபரேஷன்?" என்றான்.

"வாயை மூடிட்டு வண்டியை எடுலே," என்றது குல்லா.

பெருமாள்மலையில் மேகம் ரோட்டில் இறங்கி நின்றது. டீக்கடை வாசலில் மலைவாழைத் தார்கள் தொங்கின. அவற்றுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதாக நினைத்துக்கொண்டு இரண்டு பேர் நின்றார்கள். வெள்ளை வேட்டி சட்டையில், ஒளிந்த இடத்திலிருந்தே பழம் பழமாகப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தவர் சங்கத் தலைவர் சேனாதிபதி. பக்கத்தில் குரங்குக் குல்லாவை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு சைஃபுல்லா.

"அடியே, எனக்கும் அண்ணனுக்கும் ஒரே குல்லா!" என்று சகாயராணி முனகினாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் எங்க கடைச் சரக்குதான். வெரசாப் போய் வெச்சுட்டு வா!"

வேல்ராஜ் டீ குடிக்க இறங்கினான். சகாயராணியும் இறங்கினாள். மஹ்ஜபின் சீட்டிலிருந்து வழுக்கி, கால் வைக்கும் பள்ளத்துக்குள் சுருண்டு, ஒற்றைக் கண்ணை மட்டும் ஜன்னல் விளிம்புக்கு மேலே வைத்தாள். இதயம் செண்டை மேளம் அடித்தது. பயத்தில் அடிக்கிற மாதிரித் தெரியவில்லை. திருவிழாவில் அடிக்கிற மாதிரி இருந்தது.

சகாயராணி ஒரு டீ சொன்னாள். பார்சலைப் பெஞ்சில் வைத்தாள். "கோவை பிரியாவுக்கு" என்று கரகரத்த குரலில் சொன்னாள். டீயைக்கூட வாங்காமல் திரும்பி நடந்தாள்.

சைஃபுல்லா பாய்ந்தான். அவள் பின்னால் ஓடியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் சேனாதிபதி அவன் கையைப் பிடித்து இழுத்தார்.

"பாய், இரும்! குல்லாப் போட்டவ கூலிக்கு வந்தவளா இருப்பா. அவளைப் புடிச்சு என்ன செய்ய? பார்சலைப் பிரியும். உள்ள துப்பு கெடக்கும்."

சகாயராணி வண்டிக்குள் ஏறி விழுந்தாள். "எடுக்கச் சொல்லுடி, வண்டியை எடுக்கச் சொல்லு!"

எடுக்க வேண்டிய வேல்ராஜ், உலகத்திலேயே அதுதான் கடைசி டீ என்பதுபோல் ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான்.

சைஃபுல்லா கயிற்றை அறுத்தான். மேலே சுற்றியிருந்த காகிதத்தை விலக்கினான். தேன் நிறத்தில் கோட்டு தெரிந்தது.

அப்படியே நின்றுவிட்டான்.

என்ன பார்க்கிறான்? துண்டுச்சீட்டு இல்லை, பேர் இல்லை, எல்லாம் சரியாகத்தானே... மஹ்ஜபினுக்குப் பொறி தட்டியது. அவள் கோட்டை மடித்திருந்தாள்! இரண்டு கையையும் நெஞ்சின் குறுக்கே போட்டு, காலரை உள்ளே தள்ளி, கீழ்ப்பக்கத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து கழுத்துக்குள் செருகியிருந்தாள். பஜாரில் அதற்குப் 'பாய் மடிப்பு' என்றே பேர். சீசன் கூட்டத்தில் மேல் தட்டிலிருந்து சைஃபுல்லா ஸ்வெட்டரைப் பந்துபோல் வீசுவான், கல்லாவுக்கு வந்து சேரும்வரை பிரியாது. வேறு எந்தக் கடையிலும் அந்த மடிப்பு கிடையாது. கல்யாணமான புதிதில் சீசன் நெருக்கடிக்கு அவளைக் கடையில் உட்கார வைத்து அவனே கற்றுக்கொடுத்தது. இத்தனை நாள் பார்சல் போனதெல்லாம் வெளியூர் ஆட்களுக்கு. அவர்களுக்கு மடிப்பைப் பற்றி என்ன தெரியும்?

உலகத்தில் அப்படி மடிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தர் டீக்கடையில். இன்னொருத்தி கேரட் வண்டியில்.

"என்ன பாய், செலையா நிக்கிறீரு? காட்டும்." சேனாதிபதி சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அந்தப் பையில் இல்லை. இடுப்பில் தடவினார். கிடைத்துவிட்டது. உறையிலிருந்து எடுத்தார். வேட்டி நுனியால் துடைத்தார். காதில் மாட்டினார்.

அதே நொடியில் சைஃபுல்லா கோட்டின் தோளைப் பிடித்து ஒரே உதறு. மடிப்பு போன இடம் தெரியவில்லை. கையை விட்டான், மாட்டினான், பட்டனும் போட்டான். தொப்பை உட்படக் கச்சிதம்.

"துப்பு?" என்றார் சேனாதிபதி.

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. இது நம்ம ஊரு ஆளே இல்ல. ஊட்டிக்காரனுக வேலை."

"ஊட்டியா!" சேனாதிபதி பல்லைக் கடித்தார். "நெனச்சேன். நான் அப்பவே நெனச்சேன்."

சைஃபுல்லா மெல்லத் திரும்பினான். கேரட் மூட்டைகளைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். விளிம்புக்கு மேலே இருந்த ஒற்றைக் கண்ணைப் பார்த்தான். அந்தக் கண் இமைக்கவும் மறந்தது.

அவன் போனை எடுத்து எதையோ தட்டினான். மஹ்ஜபின் தன் போனைத் திருப்பினாள். கோவை பிரியா எழுதியிருந்தாள்:

"கோட்டு கெடைச்சுதுக்கா. வண்டியில கால் மடங்கிக் கெடக்காம நேரா உக்காந்து போங்க."

சகாயராணி அதைப் படித்துவிட்டு கூலிங்கிளாஸைக் கழற்றினாள். "மாட்டுனோம்," என்றாள். அதற்குமேல் அடக்க முடியாமல் இருவரும் கேரட் வண்டி குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். வேல்ராஜ் டீ கிளாஸோடு ஓடி வந்து, "வண்டிக்கு என்னாச்சு?" என்றான்.

மத்தியானம் சைஃபுல்லா வீட்டுக்கு வந்தபோதும் கோட்டு உடம்பிலேயே இருந்தது. சோற்றைப் போட்டாள். அவன் தட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா விட்டுருப்பீங்களா?"

அவன் நேர்மையாக யோசித்தான். "விட்டுருக்க மாட்டேன்."

"அப்புறம்?"

"ஊரான் போட்டுக் கழட்டுனதை என் பொண்டாட்டி விக்கிறதான்னு குதிச்சிருப்பேன்." கோட்டின் கையைத் தடவிப் பார்த்தான். "இப்ப நானே போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். கழட்ட மனசு வர மாட்டேங்குது. என்னா சரக்கு!"

"அப்போ பேஜ்?"

"பேஜ் ஓடட்டும். ஆனா எனக்கு மனசு ஆற மாட்டேங்குது. கட்டுன புருஷன், அந்தக் கெஞ்சு கெஞ்சுனேனே, ஒத்தப் பைசா குறைக்கணும்னு தோணலையா?"

"அம்சமான ஆளுக்கு எதுக்குக் குறைக்கணும்?"

அவனுக்குப் புரையேறியது. தலையைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் போன் அதிர்ந்தது. புதிதாக ஓர் ஆள். பேர், 'திண்டுக்கல் ஸ்வேதா'.

"அம்மணி, இன்னிக்குப் பெருமாள்மலையில ஒருத்தரு போட்டிருந்த கோட்டு மாதிரி எங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு வேணும். அவரு பெரிய சங்கத்துல தலைவர். கௌரவமா இருக்கணும். பஜார்ல யாருக்கும் தெரியக் கூடாது."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பரணிலிருந்து மூட்டை இறங்கியது. சாம்பல் நிறத்தில், அகலமான தோளோடு, தலைவருக்கென்றே தைத்ததுபோல் ஒன்று அகப்பட்டது.

"மடிப்பை மாத்து," என்றான் சைஃபுல்லா. "அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கிட்டுத்தான் பிரிப்பாரு."

மஹ்ஜபின் கோட்டைப் பாயில் விரித்து, வேண்டுமென்றே கோணல்மாணலாக மடக்கினாள். கை அதுபாட்டுக்குக் காலரை உள்ளே தள்ளிவிட்டது. பிரித்தாள். மறுபடி மடித்தாள். மறுபடியும் பாய் மடிப்பு.

"தள்ளு, ஒரு கோட்டை அசிங்கமா மடிக்கத் தெரியல," என்று அவன் வாங்கினான். கண்ணை மூடிக்கொண்டு கசக்கினான், சுருட்டினான், செருகினான். கண்ணைத் திறந்தால், கடையில் தட்டில் வைக்கிற மாதிரி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"சகாயராணியைக் கூப்பிடு. ஹாஸ்டல் மடிப்பா மடிக்கட்டும்."

"அவ டூட்டியில இருக்கா. சாயங்காலம்தான் வருவா."

"அதுவரைக்கும் இதை என்ன செய்ய?"

மஹ்ஜபின் கூடத்தின் அந்தக் கோடிக்குப் போய் நின்றுகொண்டு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"போடுங்க மச்சான்."

சங்கத் தலைவரின் கோட்டு கூடத்துக்கு நடுவே பறந்தது. பிரியவே இல்லை.