ஒயர் கூடையில் ஒரு ஜோடி ஷூ

அருள்மேரியின் புருஷன் துரைக்குச் சொல்ல ஒரே ஒரு கதைதான் உண்டு. கல்யாண வீடோ, கருமாதி வீடோ, ராஜகீழ்ப்பாக்கம் டீக்கடையோ, நாலு பேர் சேர்ந்துவிட்டால் போதும், அதை எடுத்துவிடுவான். "எங்க வூட்டுக்காரி பண்ண வேலயக் கேளு" என்றுதான் ஆரம்பிப்பான். கேட்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அருள்மேரியும் சிரிப்பாள். வேறென்ன செய்வது? அழுதால் அதையும் கதையில் சேர்த்துவிடுவான்.

தொண்ணூற்றொன்றில் ஒரு ஷூ கம்பெனி டிரையத்லான் என்று போட்டி ஒன்று வைத்தது. ஏரியில் நீச்சல், கரையேறினால் சைக்கிள், சைக்கிளை விட்டால் ஓட்டம். நடுவில் உட்கார்ந்து இளைப்பாறுகிற வேலையே கிடையாது. அந்தப் பெயர் நம் ஜனங்களின் வாயில் நுழையுமா? "மூணு ரேஸ்" என்று வைத்துக்கொண்டார்கள். முதலில் வருகிறவனுக்குக் கம்பெனியில் பெர்மனென்ட் வேலை என்று பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் பேனர் கட்டியிருந்தது.

துரை அப்போது குடோனில் மூட்டை தூக்குகிற தினக்கூலி. சும்மா சொல்லக்கூடாது, ஆள் ஓடினால் ஓட்டம்தான். சின்ன வயதிலிருந்தே ஏரியே கதி என்று கிடந்த உடம்பு. தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பந்தயமென்றாலும் வெறுங்காலோடு போய்க் கப்போடு திரும்புவான். ஜல்லியோ கொதிக்கிற தாரோ அவன் உள்ளங்காலிடம் வாலாட்ட முடியாது. கல்யாணத்தன்று மாதா கோயிலுக்குக் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வந்தவன், காலில் ஒன்றும் போடாமல்தான் வந்தான். சிலருக்கு மீசையில் கர்வம் இருக்கும். இவனுக்குக் காலில்.

அருள்மேரிக்குக் கப்பைப் பற்றிக் கவலையில்லை. மழை வந்தால் வீட்டுக்குள் நாலு இடத்தில் பாத்திரம் வைக்கிறவளுக்குக் கப் எதற்கு, அதையும் ஒழுகுகிற இடத்தில் வைக்கவா? அவளுக்கு அந்த வேலைதான் வேண்டும். மாதம் பிறந்தால் சம்பளம், உடம்புக்கு வந்தால் கம்பெனி ஆஸ்பத்திரி. பேனரைப் பார்த்த நாளிலிருந்து ஜெபத்தில் வேறு எதையும் கேட்டதில்லை.

கம்பெனி நடத்துகிற போட்டி என்பதால், சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் கம்பெனி ஷூ கட்டாயம் என்று சட்டம். பெயர் கொடுத்தவர்களுக்கெல்லாம் வெள்ளை வெளேரென்று ஒரு ஜோடி கொடுத்தார்கள். துரை அதைப் போட்டு ஏரிக்கரையில் நாலு நாள் ஓடிப் பார்த்தான்.

"கால மூட்ட கட்டுன மாதிரி கீது" என்று திண்டாடினான்.

"அந்த ஒருநாள் மட்டும் போட்டுக்கோய்யா. வேல வந்துட்டா தூக்கிப் போட்டுடு" என்று கெஞ்சினாள். சரி என்றான். எப்போது போட வேண்டும், எங்கே வைப்பான் என்பதையெல்லாம் அவன் சொல்லவில்லை. ஓடுகிறதுக்குத்தானே ஷூ, சைக்கிள் மிதிக்க எவன் ஷூ போடுகிறான் என்று அவளும் நினைத்துக்கொண்டாள்.

இங்கே அவள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெசன்ட் நகர் மாதா கோயில் கொடியேற்றத்துக்குக் குடும்பத்தோடு போவார்கள். அந்தக் கூட்டத்தில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனால் மாதா கிடைப்பாள், செருப்பு கிடைக்காது. அதனால் கடைக்குட்டியான அருள்மேரிக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு டூட்டி. எல்லார் செருப்பையும் ஒயர் கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டு திரும்பி வரும்வரை காவல் நிற்க வேண்டும். ஒரு வருஷம் பராக்குப் பார்த்ததில் அப்பாவின் புதுச்செருப்பு போய்விட்டது. வீடு வரைக்கும் திட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

போட்டியன்று ஏரிக்கரையில் சைக்கிள்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு சைக்கிளுக்குப் பக்கத்திலும் ஒரு ஜோடி ஷூ கேட்பாரற்றுக் கிடந்தது. ஆட்களெல்லாம் தண்ணீரில். சுற்றி ஒரு கயிறு, அதை ஒட்டி வேடிக்கை பார்க்கிற கும்பல். அருள்மேரிக்கு அப்பாவின் புதுச்செருப்பு ஞாபகம் வந்தது. புத்தம்புது ஷூவை இப்படியா போட்டுவிட்டுப் போவது, இந்த மனுஷனுக்கு எப்போதுதான் பொறுப்பு வரும்? கயிற்றுக்கு அடியில் குனிந்து போனாள். துரையின் சைக்கிளைக் கண்டுபிடித்தாள். ஷூவை எடுத்துக் கூடையில் துண்டுக்கு அடியில் வைத்தாள். ஓடுகிற நேரத்துக்குக் கொடுத்தால் போயிற்று என்று, சைக்கிளும் அங்கேதான் வந்து நிற்கும் என்ற நினைப்பில், பந்தயம் முடிகிற அலங்கார வளைவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். தான் மட்டும் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மாதாவுக்கு நன்றி வேறு சொன்னாள்.

கூடுவாஞ்சேரி வரை சைக்கிளில் போய்த் திரும்பியவர்கள் வேறு பக்கமாக இறங்கி ஓடத் தொடங்கியது அவளுக்குத் தெரியாது. தெரிந்தபோது துரை கண்ணெதிரே வந்துகொண்டிருந்தான், எல்லாருக்கும் முன்னால், வெறுங்காலோடு. அவன் வளைவைத் தாண்டியதும் ஜனம் விசிலடித்தது. அருள்மேரிக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஒழுகாத ஒரு கூரை கண்ணில் தெரிந்தது.

மைக் வைத்திருந்த அதிகாரி துரையின் காலைப் பார்த்தார். "ஷூ எங்கப்பா?"

"காணாப் பூடுச்சு சார்" என்றான் துரை.

பாவி மகள், அப்போதாவது வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். "எங்கியும் போவல சார், பத்திரமா நான்தான் எடுத்து வெச்சுக்கீறேன்" என்று கூடையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். அதை அப்படியே மைக்கிலும் சொன்னார். ஏரிக்கரை மொத்தமும் சிரித்தது. இரண்டாவதாக வந்தவனுக்கு மாலை போட்டு வேலையைக் கொடுத்தார்கள். துரையும் சிரித்தான்.

அவன் அவளைத் திட்டவே இல்லை. ஆளைப் பார்த்தபோதெல்லாம் கதையாகச் சொன்னான், அவ்வளவுதான். தண்ணீர்க் குழாயில் அவளுக்குக் 'கூடைக்காரி' என்று பெயர் வந்தது. மாமியார் ஞானம்மாள், "எம்புள்ள வாய்ல மண்ணப் போட்டவ" என்று ஆள் வந்தால் அறிமுகப்படுத்தினாள். அருள்மேரி எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. தப்பு தன்னுடையதுதானே. அந்த ஷூவைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பரணில் வைத்திருந்தாள். பிறகு அதே கம்பெனியிலேயே ஷூ அடிப்பாகத்துக்குப் பசை தடவுகிற தற்காலிக வேலைக்குப் போனாள். பசை நாற்றத்தில் தலை சுற்றும்போதெல்லாம், வேணும் எனக்கு என்று நினைத்துக்கொள்வாள்.

இப்படியே மூன்று வருஷம் போனது. அவள் பகுதிக்குச் சம்பத் என்று புதிதாக ஒரு சூப்பர்வைசர் மாறி வந்தார். சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"அந்தத் துரையா உங்க வீட்டுக்காரர்? அன்னைக்கு சைக்கிள் நிறுத்தின இடத்துல, டென்ட்டுல நான்தாம்மா டியூட்டி" என்றார்.

அருள்மேரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"தண்ணியிலேருந்து வந்தவர் ஷூவைக் காணோம்னு தேடினார். நானே கூப்பிட்டுச் சொன்னேன், இங்க பெட்டி நிறைய இருக்கு, உங்க சைஸ் எடுத்துப் போட்டுக்கோங்க, இல்லாட்டி செல்லாதுன்னு. கையில எடுத்தும் கொடுத்தேன். 'வேணாம் சார், என் காலு போதும்'னு சைக்கிள எடுத்துட்டுப் போயிட்டார். அவர் சொல்லலையா?"

சோற்றில் வைத்த கை அப்படியே இருந்தது. முதலில் அவளுக்கு உடம்பு லேசானது போல இருந்தது, அப்பாடா, நான் கெடுக்கவில்லை என்று. அடுத்த நிமிஷம் பற்றிக்கொண்டு வந்தது. அடப்பாவி, மூன்று வருஷம்.

வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணன் ஜெபசீலன், புதுப் பெண்டாட்டி பேபியோடு விருந்துக்கு வந்தான். புது ஆள் கிடைத்தால் துரை விடுவானா? முதல் கவளத்துக்கே ஆரம்பித்துவிட்டான். "பேபி, உங்க நாத்தனா பண்ண வேலயக் கேளு." கூடை வரைக்கும் கதை வந்தது. பேபி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜெபசீலன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அருள்மேரி கரண்டியைச் சட்டியில் போட்டாள். "மீதிய நான் சொல்றேன்."

"இன்னா மீதி?" என்றான் துரை.

"டென்ட்டாண்ட சம்பத் சார் ஒரு ஜோடி ஷூ குடுத்தாராமே. போடலன்னா செல்லாதுன்னும் சொன்னாராமே. நீ வேணான்னுட்டுப் போனியாமே."

துரை ஜெபசீலனைப் பார்த்தான், பிறகு தட்டைப் பார்த்தான். "அத்தப் போட்டா தோத்துருப்பேன் மேரி. என் காலு எனக்குத் தெரியாதா? வெறுங்கால்ல அத்தினி பேரையும் தாண்டி வந்தேன். ஊரே பார்த்துச்சு."

"தோத்துருந்தா இன்னாய்யா? ஒருநாள் அழுதுட்டு மறுநா கஞ்சி காச்சிருப்பேன்." சொல்லிக்கொண்டே பரண் பக்கம் போனாள். "நீ ஜெயிச்சுட்ட. தோத்த பழி மட்டும் என் தலைல. அத்த வெச்சு மூணு வருசமா நீ சிரிச்சுகினு கீற."

பரணிலிருந்து கவரை இழுத்து, ஷூவை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "போடு. இப்பப் போடு பாக்கலாம்."

துரை போடவில்லை. மடக்கி உட்கார்ந்திருந்த கால்களைக் கைலிக்குள் இழுத்துக்கொண்டான். அந்தக் கால்களை அவன் மறைத்து அவள் பார்த்ததே இல்லை. போதும், இனி அந்தக் கதை வராது என்று நினைத்துக்கொண்டு பேபிக்கு ரசம் ஊற்றினாள்.

பத்து நாள் கழித்துத் தண்ணீர்க் குழாயில் பக்கத்து வீட்டுக் குப்பன் பெண்டாட்டி அவளைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். டீக்கடையில் துரை சொன்னதைக் குப்பன் வீட்டில் வந்து சொல்லியிருந்தான்.

"இன்னா மேரி, விருந்துக்கு வந்தவங்களுக்கு எதிர்க்க ஷூவையா பரிமாறின? எங்க வூட்டுக்காரு சொல்லிச் சொல்லிச் சிரிக்குது."

பரணிலிருந்து ஷூவை இழுத்தது, முன்னால் வைத்தது, பேபி பயந்துபோனது எல்லாம் கதையில் வந்திருந்தது. டென்ட்டும் சம்பத் சாரும் மட்டும் வரவில்லை.

அருள்மேரி இந்தத் தடவை சிரிக்கவில்லை. நிரம்பிய குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.