ரீட்டா சொன்ன இரண்டாவது வாக்கியம்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் என் தம்பி ஆண்ட்ரூஸ், அவன் மனைவி அருளம்மாள், அவர்களின் ஒரே மகள் ரீட்டா, அருளம்மாளின் தம்பி இன்னாசி, பிறகு நான். வேறு யாரும் இல்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. தெருவில் டிராக்டர் சத்தம் கேட்கக்கூடாது என்று நானே சாத்தினேன்.

நான் சவரிநாதன். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆவூருக்குத் தெற்கே இருக்கிறது எங்கள் ஊர். எங்கள் வீட்டுச் சண்டை ஒருநாளும் தெருவுக்கு வந்ததில்லை. இப்போது ஊர் ஏதேதோ பேசுகிறது. அதனால் நடந்ததை நானே எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ரீட்டா எம்.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்திருந்தாள். கோயம்புத்தூரில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றுக்கு செல்போன் வழியாக இண்டர்வியூ. போனை எண்ணெய் டின்னில் சாய்த்து வைத்து அதன் முன்னால் உட்கார்ந்தாள். நாங்கள் போனில் தெரியாதபடி சுவரோரமாக இருந்தோம். ஆண்ட்ரூஸ் வாரியிலிருந்து முழங்கால் வரை சேற்றோடு வந்தவன், குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டான்.

"ஒங்களக் காட்ட மாட்டேம்ப்பா, எதுக்குச் சட்டை?" என்று சிரித்தாள் ரீட்டா.

"காட்டாட்டி என்ன, பெரிய பள்ளிக்கூடத்து அம்மா பேசுறாங்க. மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல."

வாரி என்று நான் சொல்வது எங்கள் கண்மாய்க்கு மழைத் தண்ணீரைக் கொண்டுவரும் வரத்து வாரி. முன்பெல்லாம் மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் மம்பட்டியோடு போய் அதைத் தூர்வாருவது ஊர் வழக்கம். ஊரில் போர் போட்ட பிறகு கண்மாயை மறந்தார்கள். வாரி மண்மூடி, இரண்டு பக்கமும் தைல மரக்காடு ஆனது. இரண்டு வருடமாக ஆண்ட்ரூஸ் தனியாளாக அதை வெட்டிக்கொண்டிருந்தான். விடியற்காலையில் ஒவ்வொரு வாசலிலும் நின்று, "வீட்டுக்கு ஒரு ஆளு வாங்கப்பா" என்று கூப்பிடுவான். "என்ன ஆண்ட்ரூசு, காவேரியத் திருப்பிட்டியா?" என்று பதில் வரும். அவனும் சிரித்துக்கொண்டே போய்விடுவான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரீட்டா போய் அவனுக்கு மண் சுமப்பாள். அவளைத் தவிர ஒருவரும் போனதில்லை. எனக்கு முழங்கால் வலி.

இண்டர்வியூவில் அந்த அம்மா ஒரு வார்த்தையைக் கொடுத்து இரண்டு வாக்கியம் சொல்லச் சொன்னார். குவிக்ஸாட்டிக் என்பது வார்த்தை. நல்ல எண்ணத்தில் செய்தாலும் நடைமுறைக்கு ஒத்துவராத காரியத்தைச் சொல்வது. ரீட்டா முதல் வாக்கியத்தைப் பொதுவாகச் சொன்னாள்: பஸ்ஸே வராத ஊரில் பஸ் ஸ்டாண்டு கட்டுவது குவிக்ஸாட்டிக். அந்த அம்மாவுக்குத் திருப்தி இல்லை. "உன் வாழ்க்கையிலிருந்து ஒன்று சொல்" என்றார்.

ரீட்டா கொஞ்சம் யோசித்தாள். பிறகு நிதானமான ஆங்கிலத்தில் சொன்னாள். ஊர் கைவிட்ட வாய்க்காலை என் அப்பா ஒற்றை ஆளாக வெட்டுகிறார். அது குவிக்ஸாட்டிக்கான வேலை. அவரைவிட நல்ல மனிதரை நான் பார்த்ததில்லை.

சொன்னதில் பிழை இல்லை. அந்த அம்மா முகம் மலர்ந்து சிரித்தார். வேலை அப்போதே உறுதியாயிற்று. அருளம்மாள் மகளை இழுத்துக்கொண்டு மெழுகுவர்த்தி ஏற்றக் கோயிலுக்கு ஓடினாள். ஆண்கள் மூன்று பேரும் வீட்டில் இருந்தோம்.

"மை ஃபாதர்னு சொன்னுச்சுல்ல? என்னையப் பத்தித்தான? அந்தம்மா எப்படிச் சிரிச்சாங்க பாத்தியா!" ஆண்ட்ரூஸுக்கு உட்கார முடியவில்லை. "என்னா சொன்னுச்சு இன்னாசி? நீ சிங்கப்பூர்ல இருந்தவன்தான, சொல்லு."

"ஒண்ணுமில்ல மச்சான். ஆகாத வேலையப் புடிச்சுத் தொங்குற ஆளுன்னு ஒரு வார்த்தை. எங்க சூப்பர்வைசர் என்னையச் சொல்லுவான்." இன்னாசி வாய்விட்டுச் சிரித்தான்.

ஆண்ட்ரூஸும் சிரித்தான். பிறகு என் பக்கம் திரும்பினான். "அண்ணே?"

நான் முழு வாக்கியத்தையும் தமிழில் சொன்னேன். அவனைவிட நல்ல மனிதர் இல்லை என்று அவள் சொன்னதை இரண்டு தரம் சொன்னேன்.

"அது சரிண்ணே. நடக்காதுங்கிற அர்த்தம் அந்த வார்த்தையில இருக்கா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"இருக்கு" என்றேன். இல்லாததைச் சொல்லும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

"ஊர்க்காரய்ங்க சொன்னாய்ங்க. அது வேற" என்றான். வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

இந்த வார்த்தை நிலைப்படியைத் தாண்டக்கூடாது என்று இன்னாசியிடம் சொன்னேன். சாயங்காலம் டீக்கடையில் "குவிக்ஸாட்டிக்கு வாராரு, வழி விடுங்கப்பா" என்று குரல் கேட்டது. மறுநாள் விடியற்காலை எந்த வாசலிலும் ஆண்ட்ரூஸ் நிற்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத்தான் ரீட்டாவுக்கு விஷயம் தெரிந்தது. நான் இருக்கும்போதே கேட்டாள்.

"அப்பா, அது திட்டு இல்லப்பா."

"தெரியும்மா. பெரியப்பா வெளக்கமாச் சொன்னாக. நீ சரியாத்தான் சொல்லிருக்க. இல்லாட்டி வேலை குடுப்பாங்களா?"

"அப்ப ஏன் போக மாட்டேங்கிறீங்க? எந்திரிங்க, நானும் வாரேன்."

"நீ எங்கிட்டு வாரது? இனிமே மண்ணு சுமக்கலாமா? டீச்சர் கையில்ல அது."

அந்த 'டீச்சர்' அதோடு நிற்கவில்லை. அவள் கோயம்புத்தூர் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் பண்ணுவாள். இவன் வாங்கி, "டீச்சர், நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு அருளம்மாளிடம் கொடுத்துவிடுவான். முதல் வாரம் எல்லோரும் சிரித்தோம், ரீட்டாவும்தான். நாலாவது வாரம் அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே வரவில்லை.

"பெத்த பிள்ளைய வாங்க போங்கன்னு பேசாதடா. கேக்குறவன் என்ன நெனப்பான்?" என்று அதட்டினேன்.

"மரியாதைதானண்ணே" என்றான்.

ஐப்பசியில் நல்ல மழை. ஒருநாள் காலையில் குடையோடு வந்து என்னைக் கூப்பிட்டான். மெதுவாக நடந்து வாரிக்குப் போனோம். அவன் வெட்டிய தூரம் முழுக்கத் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடி வந்தது. வெட்டாமல் விட்ட இடத்தில் முட்டி, தைல மரங்களுக்குள் பரவிக்கொண்டிருந்தது. அங்கிருந்து கண்மாய்க்கரை கண்ணுக்குத் தெரிந்தது.

"இம்புட்டுத் தூரம் வந்துருச்சேண்ணே" என்றான்.

நான் கரைக்கு மிச்சமிருந்த தூரத்தைக் கண்ணால் அளந்தேன்.

"டீச்சருக்குச் சொல்லுவமா?"

"ரீட்டான்னு சொல்லுடா. சொல்லு."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். பெயரைத் தேடி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான். மறுபடியும் பைக்குள் போட்டான். "வேணாம். பாடம் நடத்திக்கிட்டு இருப்பாங்க."

கார்த்திகையில் ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டு மாட்டுக் கொட்டகையில் கட்டிலில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. இருதயம் என்றார் டாக்டர். ரீட்டா மறுநாள் காலையில் வந்து சேர்ந்தாள். அழவில்லை. பெட்டி மூடும்வரை அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குதிகால் வெடிப்பில் பழைய செம்மண் இருந்தது. அதை யாரையும் கழுவ விடவில்லை.

கல்லறைக்குக் கிளம்பும் முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "பெரியப்பா, அப்பா என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா? கோவமாச் சொல்லிருந்தாலும் பரவால்ல. எனக்கு அது வேணும்."

"மழை அன்னைக்கு ஒனக்குப் போன் பண்ணணும்னு எடுத்தான்மா" என்றேன்.

"பண்ணலையே" என்றாள்.

மகள் தன் குழியில் மண் போடக்கூடாது என்று ஆண்ட்ரூஸ் என்னிடம் சொல்லிவிட்டுச் செத்ததாக இப்போது ஊரில் பேசுகிறார்கள். அது பொய். முதல் பிடி மண்ணை ரீட்டாதான் போட்டாள். அவன் உயிர் போகும்போது பக்கத்தில் நான் இல்லை, யாரும் இல்லை. அவன் ஒன்றும் சொல்லவில்லை.